சைக்கிள் டயர்ல காத்து நிக்கலையா? டியூபைக் கழட்டுறதுக்கு முன்னாடி வால்வைப் பாருங்க

ரெண்டு தடவை டயரைக் கழட்டி டியூபை பக்கெட் தண்ணியில முக்கி முக்கிப் பாத்தேன், ஒரு குமிழிகூட வரல, திரும்ப மாட்டி காத்து அடிச்சா மறுநாள் காலையில டயர் தரையோட ஒட்டிக் கிடக்கு. மூணாவது தடவைதான் ஒண்ணு புரிஞ்சுது, டியூபை முக்குறப்போ வால்வைத்தான் கைப்பிடி மாதிரி பிடிச்சிருக்கேன், அதனால வால்வோட தலை மட்டும் தண்ணிக்கு வெளியவே இருந்திருக்கு. அதையும் உள்ள முக்கினதும் ஊசி முனை அளவுல ஒண்ணு ஒண்ணா குமிழி வர ஆரம்பிச்சுது. அன்னைலேர்ந்து காத்து பிரச்சனைன்னு யார் சைக்கிளைக் கொண்டு வந்தாலும் நான் முதல்ல கை வைக்கிறது வால்வுலதான். அதுல கத்துக்கிட்டதை, உங்க சைக்கிள்ல என்ன கோளாறு தெரியுதோ அதை வச்சுத் தேடுற மாதிரி இங்க எழுதுறேன்.

முதல்ல உங்களோடது எந்த வால்வுன்னு பாருங்க

சைக்கிள்ல பெரும்பாலும் மூணு வகைதான். மூணையும் எது மூடி வைக்குதுங்கிறதுலதான் வித்தியாசமே, அது புரிஞ்சா கோளாறு எங்கன்னு பாதி தெரிஞ்சுடும்.

ஷ்ரேடர் வால்வுங்கிறது கார், பைக்ல இருக்குற அதே வால்வு, சுமாரா 8 மில்லிமீட்டர் கனம், மேலேர்ந்து கீழ வரை ஒரே தடிமன், நடுவுல ஒரு சின்ன ஊசி தெரியும். உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, அதுதான் ஊசியை மேல தள்ளி வால்வை மூடி வைக்குது. ஆகஸ்ட் ஷ்ரேடரோட மகன் ஜார்ஜ் ஷ்ரேடர் 1893-ல காப்புரிமை வாங்கினது, இன்னும் பெருசா மாறாம வந்துக்கிட்டு இருக்கு.

பிரெஸ்டா வால்வு ஒல்லியா இருக்கும், 6 மில்லிமீட்டர்தான், பிரெஞ்சு வால்வுன்னும் சொல்லுவாங்க. ரோடு சைக்கிள்லயும் நல்ல எம்டிபி, அதாவது மவுன்டன் பைக்லயும் இதுதான் அதிகம். தலையில குட்டியா ஒரு பூட்டு நட் இருக்கும். இதுல ஸ்பிரிங் கிடையாது, டயருக்குள்ள இருக்குற காத்தே வால்வை மேல தள்ளி மூடிக்குது, அது தானா திறக்காம இருக்கத்தான் அந்த நட்.

மூணாவது டன்லப் வால்வு, வுட்ஸ் வால்வுன்னும் பேர் உண்டு. சாதாரண சைக்கிள்ல நாம சின்ன வயசுலேர்ந்து பாக்குறது. அடியில ஷ்ரேடர் மாதிரி தடியா, மேல கொஞ்சம் ஒல்லியா, நடு இடத்துல ஒரு நட் போட்டு இறுக்கியிருக்கும். இதை மூடி வைக்கிறது ஒரு சின்ன ரப்பர் குழாய், அதைத்தான் வால்வு டியூப்னு சொல்லுவோம். பக்கவாட்டுல ஓட்டை போட்ட உலோகத் தண்டு மேல ரப்பர் இறுக்கமா போத்தியிருக்கும், காத்து அடிக்கிறப்போ ரப்பரைத் தள்ளிக்கிட்டு உள்ள போகும், நிறுத்தினதும் ரப்பர் சுருங்கி ஓட்டையை மூடிக்கும்.

ஒண்ணு ஸ்பிரிங், ஒண்ணு காத்து, ஒண்ணு ரப்பர். இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ படிங்க.

பம்ப் அடிச்சா கல்லு மாதிரி இருக்கு, காத்து உள்ளயே போகல

பிரெஸ்டாவா இருந்தா பூட்டு நட்டைத் திறந்தீங்களான்னு பாருங்க. கேக்குறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா ஷ்ரேடர்லயே பழகினவங்க முதல் தடவை பிரெஸ்டாவைத் தொடும்போது தடுமாறுற இடமே இதுதான். நட்டை மேல வரை சுத்தித் திறந்துட்டு, பம்பை மாட்டுறதுக்கு முன்னாடி விரலால ஒரு தடவை லேசா அமுக்கி புஸ்ஸுன்னு கொஞ்சம் காத்தை விடுங்க. ரொம்ப நாள் சும்மா நின்ன சைக்கிள்ல உள்ள இருக்குற குட்டி ரப்பர் உலோகத்தோட ஒட்டிக்கிட்டிருக்கும், இந்த ஒரு அமுக்குல விட்டுடும்.

ஷ்ரேடரா இருந்தா பம்போட தலை முழுசா உள்ள இறங்கலைன்னு அர்த்தம். நிறைய பம்ப்ல தலைக்கு நடுவுல ஒரு கட்டை இருக்கும், அது வால்வு ஊசியை அமுக்கினாத்தான் காத்து தடையில்லாம போகும். தலையை நேரா வச்சு நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அப்புறமா லீவரைத் தூக்குங்க. அப்படியும் போகலைன்னா பம்ப் தலையை எடுத்துட்டு ஒரு குச்சியால வால்வு ஊசியை அமுக்கிப் பாருங்க, காத்து வெளிய வந்தா வால்வு நல்லா இருக்கு, பம்ப்லதான் கோளாறு.

டன்லப்ல கொஞ்சம் கஷ்டப்பட்டு அடிக்கிறது இயல்புதான், ரப்பரை விரிச்சுத்தானே காத்து போகணும். ஆனா உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தியும் போகலைன்னா வால்வு டியூப் காஞ்சு ஓட்டை மேல ஒட்டிப் போயிருக்கும். அதோட மல்லுக்கட்டாதீங்க, புது ரப்பர் போடுங்க, எப்படின்னு கீழ சொல்றேன். இந்த ரப்பருக்குப் பதிலா உள்ள ஒரு சின்ன குண்டு வச்ச டன்லப் வால்வும் வருது, அது மாட்டினா அடிக்கிறதும் லேசு, அடிக்கடி ரப்பர் மாத்துற வேலையும் மிச்சம். கிடைச்சா தயங்காம மாத்திடுங்க.

அடிக்கிற காத்து பம்ப் தலையிலயே கசியுது

பம்ப் தலையில ரெண்டு ஓட்டை இருந்தா பெருசு ஷ்ரேடருக்கு, சின்னது பிரெஸ்டாவுக்கு. டன்லப்புக்கு எதுன்னு நிறைய பேருக்குக் குழப்பம், அடி தடியா இருக்கேன்னு பெரிய ஓட்டையில மாட்டுவாங்க, நிக்காது. டன்லப்போட தலை ஒல்லி, அதனால பிரெஸ்டா ஓட்டைதான் அதுக்குச் சேரும், அடாப்டரே தேவையில்ல.

ஒரே ஓட்டை உள்ள பம்பா இருந்தா அதோட மூடியைத் திருகிக் கழட்டுங்க, உள்ள ஒரு ரப்பர் வாஷரும் ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருக்கும். பல பம்ப்ல இந்த ரெண்டையும் திருப்பிப் போட்டா அடுத்த வகை வால்வுக்கு மாறிடும். ரப்பர் மட்டும் திருப்பிட்டு பிளாஸ்டிக்கை விட்டுட்டா ரெண்டுக்குமே சேராது. எந்தத் திசையில எது இருந்துச்சுன்னு கழட்டுறப்பவே போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

சரியான பக்கம்தான், இருந்தும் கசியுதுன்னா அந்த ரப்பர் வாஷர் தேஞ்சுடுச்சு. ஷ்ரேடர்லயே மாட்டி மாட்டி ஓட்டை அகலமாயிடும், பிரெஸ்டாவோட மரை அதை உள்பக்கமா அறுத்துடும். வாஷர் மட்டும் தனியா கிடைக்கும், இதுக்காகப் புது பம்ப் வாங்க வேண்டாம்.

ரிம் ஆழமா இருந்து வால்வு கொஞ்சம்தான் வெளிய தெரியுதுன்னா தலை பிடிக்க இடமே இருக்காது. அப்ப பம்ப் மாட்டுறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கத்துலேர்ந்து டயரை அமுக்கி வால்வை வெளிய தள்ளிப் பிடிச்சுக்கோங்க. நிரந்தரமா சரி பண்ணணும்னா நீளமான வால்வு வச்ச டியூபா வாங்கணும், பிரெஸ்டாவுல 40, 48, 60, 80 மில்லிமீட்டர்னு பல நீளத்துல வருது.

பம்பை எடுத்ததும் எல்லாக் காத்தும் போயிடுது

பம்ப் எடுக்குறப்போ வர்ற புஸ்ஸு சத்தம் பெரும்பாலும் பம்போட ஹோஸுக்குள்ள மாட்டியிருந்த காத்துதான், டயர் காத்து இல்ல. அந்தச் சத்தத்துக்குப் பயந்து படக்குன்னு கோணலா இழுத்து பிரெஸ்டாவோட நுனியை வளைச்சவங்களை நிறையப் பாத்திருக்கேன், நிதானமா நேரா எடுங்க. எடுத்தப்புறம் டயரை அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா ஒண்ணும் இல்ல.

நெசமாவே டயர் காலியாயிட்டா, பிரெஸ்டாவுல நான் முதல்ல சந்தேகப்படுறது திருகி மாட்டுற ஹோஸை. நிறைய கைப் பம்ப்ல ஹோஸ் மரை போட்டு வால்வு மேல ஏறும், கழட்டுறப்போ அது வால்வோட உள்பாகத்தையும் சேத்துத் திருகி வெளிய எடுத்துட்டு வந்துடும். ஹோஸ் நுனியைப் பாருங்க, உள்பாகம் அதுலயே மாட்டிக்கிட்டு இருக்கும். அதை எடுத்து வால்வுல போட்டு அதுக்கான சாவியால இறுக்குங்க. சாவி இல்லைன்னா உள்பாகத்துல ரெண்டு பக்கமும் தட்டையா செதுக்கியிருக்கும், அங்க ஒரு சின்ன பிளையரால மென்மையா பிடிச்சுத் திருகலாம், பித்தளைதானே, முரட்டுத்தனமா பிடிச்சா நசுங்கிடும். தட்டை இடமே இல்லாம வழுவழுன்னு இருந்தா அது கழட்ட முடியாத வகை, அதுல இந்தப் பிரச்சனையே வராது.

ஷ்ரேடர்ல ஊசி அமுங்கினபடியே நின்னுட்டா இப்படி ஆகும், மண்ணு புகுந்திருக்கும். நாலஞ்சு தடவை ஊசியை அமுக்கி அமுக்கி விடுங்க, உள்ள இருக்குற காத்தே தூசியைத் தள்ளிடும். சரியாகலைன்னா உள்பாகத்தை மாத்துறதுதான், ரெண்டு நிமிஷ வேலை. கார், பைக்கோட வழக்கமான உள்பாகமே இதுக்கும் சேரும்.

டன்லப்ல வால்வு டியூப் கிழிஞ்சிருக்கும், இல்ல உள்ளயே இருக்காது. ஒரு எச்சரிக்கை, டன்லப்ல காத்து இருக்குறப்போ அந்த நடு நட்டை முழுசாக் கழட்டாதீங்க, உள்தண்டு துப்பாக்கி குண்டு மாதிரி பறக்கும். நட்டை கொஞ்சமா தளர்த்தி, விரலால தண்டை அமுக்கிப் பிடிச்சு, காத்தெல்லாம் போனதுக்கு அப்புறம் எடுங்க. முகத்தைக் கிட்ட வைக்காதீங்க.

ராத்திரி அடிச்சது காலையில இறங்கிக் கிடக்கு

இதுதான் ஆளைச் சுத்தல்ல விடுற கேஸு, பஞ்சரா வால்வான்னு தெரியாது. டயரைக் கழட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நல்லா காத்து அடிச்சுட்டு, பிரெஸ்டாவா இருந்தா நட்டையும் மூடிட்டு, வால்வு உச்சிக்கு வர்ற மாதிரி சக்கரத்தைச் சுத்துங்க. அப்ப வால்வோட தலை அச்சு பக்கமா கீழ பாத்து நிக்கும். ஒரு டம்ளர் தண்ணியை கீழேர்ந்து தூக்கி வால்வு தலை முங்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அசையாம பாருங்க. மெதுவா கசியுற வால்வுல பத்து செகண்டுக்கு ஒரு குமிழிதான் வரும், அவசரப்பட்டா தவற விட்டுடுவீங்க. வெளியில இருக்குறப்போ டம்ளருக்கு எங்க போறது, எச்சிலைத் தொட்டு வால்வு வாய்ல வச்சாலே போதும், அது ஊதிக்கிட்டு வரும்.

தலையில குமிழி வந்தா, ஷ்ரேடர்லயும் பிரெஸ்டாவுலயும் உள்பாகம் தளர்ந்திருக்கும். அதுக்கான சாவியால கால் சுத்து இறுக்கிட்டு திரும்ப டம்ளரை வச்சுப் பாருங்க, பாதி கேஸு இதோட முடிஞ்சுடும். சில உலோக மூடியோட நுனியிலயே ஷ்ரேடருக்கான சாவி செதுக்கியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பிரெஸ்டாவோட பிளாஸ்டிக் மூடி தூசிக்கும் டியூபைக் குத்தாம மடிச்சு வைக்கவும்தான், அது இல்லாததால காத்து இறங்காது.

டன்லப்பா இருந்தா வால்வு டியூப் மாத்துங்க. காத்தை விட்டுட்டு நட்டைக் கழட்டி தண்டை வெளிய இழுங்க. பழைய ரப்பர் பெரும்பாலும் ஒட்டிப் போய் பிசுபிசுன்னு இருக்கும், நகத்தால சுரண்டி முழுசா எடுத்துடணும், ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் புது ரப்பர் சரியா உக்காராது. புது ரப்பரைத் தண்ணியிலயோ எச்சில்லயோ நனைச்சு தண்டு மேல ஏத்துங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம், ஏத்துறதுக்கு வழுக்கிக்கிட்டு சுலபமா இருக்கும், ஆனா ரப்பரை அரிச்சுடும். பக்கவாட்டு ஓட்டையைத் தாண்டி மேல தடிச்ச இடம் வரை ரப்பர் ஏறியிருக்கணும், அங்கதான் உள்தண்டுக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவுல அது வாஷர் மாதிரி அமுங்கி நிக்குது. நிறைய பேர் ஓட்டையை மூடிட்டா போதும்னு பாதியிலயே நிறுத்திடுவாங்க, அப்ப நட்டுக்கு அடியிலேர்ந்து கசியும், அதுக்கு நட்டைத்தான் குறை சொல்லிக்கிட்டு இருப்பாங்க. கீழ நீளமா தொங்கினா கொஞ்சம் வெட்டிடலாம், ஆனா ஓட்டைக்குக் கீழ ஒரு சென்டிமீட்டராவது விடுங்க. அப்புறம் தண்டோட காடி வால்வு வாயில இருக்குற வெட்டுல உக்காருதான்னு பாத்து இறக்கி, நட்டைப் போட்டு விரலால இறுக்குங்க.

குமிழியே வரலைன்னா வால்வு நிரபராதி, இப்ப டியூபைக் கழட்டலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு, எந்த டியூபும் கொஞ்சம் கொஞ்சமா காத்தை விடத்தான் செய்யும், ஒல்லி டயர்ல அது சீக்கிரம் தெரியும். லேட்டக்ஸ் டியூப் ஒரே நாள்ல கணிசமா இறங்கும், அது அதோட குணம். சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல அடிச்சிருந்தாலும் சீக்கிரம் இறங்கிடும், அந்த வாயு ரப்பர் வழியா சாதாரண காத்தைவிட வேகமா வெளியேறும். வீட்டுக்கு வந்ததும் அதை விட்டுட்டு பம்ப்ல அடிங்க.

வால்வு சாஞ்சு நிக்குது, இல்ல அடியில கிழிஞ்சுடுது

வால்வு ரிம்லேர்ந்து நேரா அச்சைப் பாத்து நிக்கணும். சாஞ்சிருந்தா காத்து கம்மியா ஓட்டி ஓட்டி, பிரேக் போடுறப்பல்லாம் டயரும் அதோட டியூபும் ரிம் மேல கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்திருக்கு, வால்வு மட்டும் ஓட்டையில மாட்டிக்கிட்டு இழுபடுது. அப்படியே விட்டா வால்வோட அடி கிழிஞ்சு டியூபே வீண், அந்த இடத்துல பஞ்சர் ஒட்டினா நிக்காது, தண்டைச் சுத்தி பேட்ச் சமமா உக்காராதே. சரி பண்ண, காத்தை முழுசா விட்டு, டயரை ரிம்லேர்ந்து ரெண்டு பக்கமும் உள்ள அமுக்கித் தளர்த்தி, வால்வோட தலை சாஞ்சிருக்குற திசையிலயே டயரையும் டியூபையும் சேத்து நகத்துங்க. வால்வு நட்டை இறுக்கி நிமித்தப் பாக்காதீங்க, அது இன்னும் சீக்கிரம் கிழிக்கும். அந்த நட் விரல் இறுக்கத்துக்கு மேல போகவே கூடாது.

ஒரே சக்கரத்துல திரும்பத் திரும்ப வால்வு அடியிலயே கிழிஞ்சா ரிம் ஓட்டையைப் பாருங்க. பிரெஸ்டாவுக்கான ஓட்டை சுமாரா 6.5 மில்லிமீட்டர், ஷ்ரேடருக்கும் டன்லப்புக்கும் 8.5. பெரிய ஓட்டையில பிரெஸ்டா போட்டா சுத்தி இடைவெளி, அதுல டியூப் பிதுங்கி ரிம்மோட விளிம்புல அறுபடும். அதுக்குன்னே ஒரு சின்ன ரப்பர் புஷ் கிடைக்கும், ஓட்டையில செருகிட்டா தீந்துது. எதிர்மாறா, சின்ன ஓட்டையை டிரில் போட்டுப் பெருசாக்கி ஷ்ரேடர் மாட்டுறதை நான் சொல்ல மாட்டேன், ஒல்லி ரிம்ல அந்த இடம் பலம் இழந்துடும். கார்பன் ரிம்ல நினைக்கவே கூடாது.

கைப் பம்ப்ல அடிக்கிற பழக்கம் இருந்தா ஒரு கையால பம்ப் தலையையும் போக்ஸ் கம்பியையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு அடிங்க. ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஆடினா அதுவே அடியை அறுத்துடும்.

கேஜ் ஒரு நாள் ஒண்ணு காட்டுது, இன்னொரு நாள் வேற காட்டுது

டன்லப்ல கேஜை, அதாவது காத்தழுத்தம் காட்டுற மீட்டரை நம்பாதீங்க. ரப்பர் நடுவுல மூடிக்கிட்டு நிக்கிறதால டயரோட அழுத்தம் கேஜுக்கே வராது, அடிக்கிறப்போ தெரியுறது ரப்பரைத் திறக்குற அழுத்தத்தையும் சேத்துத்தான், அதனால நிஜத்தைவிட அதிகமா காட்டும். கட்டை விரலால டயரோட பக்கவாட்டை அமுக்கிப் பாத்து பழகுங்க, இல்ல குண்டு வச்ச வகைக்குப் போனாலும் அளவு கொஞ்சம் கிட்டத்தான் வரும், சரியா வராது.

பிரெஸ்டாவுல பம்ப் மாட்டினதும் கேஜ் பூஜ்யம் காட்டுறது கோளாறு இல்ல, வால்வு இன்னும் மூடியிருக்கு, ஒரு அடி அடிச்சதும் முள்ளு ஏறிடும்.

பெட்ரோல் பங்க்ல கார் காத்து மிஷின்ல ஷ்ரேடருக்கு அடிக்கலாம், ஆனா சைக்கிள் டியூப்ல இடம் ரொம்பக் கம்மி, ரெண்டு மூணு செகண்டுல எல்லை தாண்டிடும். விட்டு விட்டு அடிங்க, டயர் பக்கவாட்டுல பிஎஸ்ஐயிலயோ பார்லயோ எழுதியிருக்குற அளவுதான் எல்லை, 1 பார்ங்கிறது 14.5 பிஎஸ்ஐ.

டியூப்லெஸ் போட்டதுலேர்ந்து பிரெஸ்டா அடைச்சுக்குது

டியூப் இல்லாத டயருக்குள்ள ஓட்டையை அடைக்க ஊத்துற சீலன்ட் திரவம் வால்வுக்குள்ளயே காஞ்சு போயிடும், பம்ப் அடிக்கக் கஷ்டமாகும், பூட்டு நட்டும் இறுகிடும். உள்பாகத்தைக் கழட்டி காஞ்ச ரப்பரை உரிச்சு எடுங்க, வால்வுக் குழாய்க்குள்ளயும் ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் பண்ணுங்க. ரொம்ப மோசமா இருந்தா புது உள்பாகம் போட்டுடுங்க, எப்பவும் ரெண்டு உள்பாகம் கைவசம் வச்சிருக்குறது நல்லது. காத்து அடிக்கிறப்போவும் விடுறப்போவும் வால்வு மேல் பக்கமாவோ பக்கவாட்டிலோ இருக்குற மாதிரி சக்கரத்தை வைங்க, அடியில தேங்கியிருக்குற சீலன்ட் வால்வு பக்கம் வராது.

கசிவு வால்வு தலையில இல்லாம ரிம் ஓட்டையைச் சுத்தி வந்தா, இல்ல சோப்புத் தண்ணி தடவிப் பாக்குறப்போ போக்ஸ் கம்பி ஓட்டை வழியா நுரை கிளம்பினா, வால்வோட அடி ரப்பர் ரிம்முக்குள்ள சரியா உக்காரலையான்னு முதல்ல பாருங்க. வட்ட அடி, நீள்வட்ட அடி, கூம்பு அடின்னு பல வடிவத்துல வருது, உங்க ரிம்மோட உள்பள்ளத்துக்குப் பொருந்துறதுதான் வேணும். டயரைக் கழட்டி ரிம் டேப்புல வால்வு ஓட்டை பிசிறில்லாம இருக்கான்னு பாத்துட்டு, வால்வை உள்பக்கத்துலேர்ந்து கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வெளிய நட்டை விரலால இறுக்குங்க. பிளையர் எடுத்தீங்கன்னா நடு ரோட்டுல டியூப் போட வேண்டி வர்றப்போ அந்த நட் கையால கழட்ட வராது.